ஏழு சந்திப்பும் பதினொரு நாளும்

ஜனவரி 11

என்னங்க,

போன் வேண்டாம் என்று சொன்னது நான்தான், அதனால் நானே முதலில் எழுதுகிறேன். உங்கள் சுரங்க முகாமில் இருப்பது ஒரே ஒரு போன். நீங்கள் பேசும்போது பின்னால் வரிசை நிற்கிறது. போன வாரம் நாம் போட்ட சண்டைக்கு அந்த வரிசையில் யாரோ சிரித்தது எனக்கே கேட்டது. காகிதத்தில் கத்த முடியாது. சாமான் லாரி சனிக்கிழமைதோறும் மேலே வந்து மறுநாள் இறங்கும் என்றீர்கள். அது போதும்.

லீவு முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது நீங்கள் சொன்னது காதிலேயே நிற்கிறது. "ஊர்ல எவனோ சாகக் கிடந்தா பக்கத்துல போய் உட்காரப் போறே. நம்ம வீட்டுல எங்கண்ணன் கிடந்தப்ப எங்கே போனே?" இதற்கு இப்போது பதில் எழுதவில்லை. நான் செய்யப்போவது என்ன என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதைக்கூட நீங்கள் முழுதாகக் கேட்கவில்லை.

புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. நோய் முற்றியவர்களோடு வாரம் ஒருமுறை, ஏழு வாரம், மனம்விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும். எங்களைப் போல மனநல ஆலோசனைப் படிப்பில் இரண்டாம் வருஷம் இருப்பவர்களைத் தன்னார்வமாகக் கேட்டார்கள். பதினான்கு பேரில் நான்கு பேர் கை தூக்கினோம். மற்ற மூன்று பேரும் நம் மகள் வயது. நான் நாற்பத்தைந்து வயதில் கை தூக்கினால் பாத்ரூம் போகக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பேசுவதில் இரண்டு முறைகள். முதல் முறையில் ஒவ்வொரு வாரமும் ஒரு பாடம் உண்டு: வாழ்க்கையில் எது முக்கியமாக இருந்தது, பிள்ளைகளுக்கு எதை விட்டுப் போகிறோம், அப்படி. எழுதிக்கொண்டு வரச் சொல்லி வீட்டுப்பாடமும் கொடுப்போம். இரண்டாம் முறையில் பாடம் கிடையாது. அவர்கள் கொண்டுவருவதைக் கேட்கவேண்டும், ஆதரவாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். யாருக்கு எந்த முறை என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிச் சொல்லும். எது எவ்வளவு உதவுகிறது என்று கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நாங்கள் பேசுவது முழுக்கப் பதிவாகும். முறை மாறாமல் பேசுகிறோமா என்று ஓர் அம்மா கேட்டுக் கேட்டுக் குறித்துவைப்பார்.

மகள் நன்றாக இருக்கிறாள். நான் அவளிடமும் தலையாட்டி "உம், அப்புறம்?" என்று கேட்கிறேனாம். "அம்மா, நான் நோயாளி இல்ல, குழம்புல உப்பு இல்லேன்னுதான் சொன்னேன்" என்கிறாள்.

ஸ்வெட்டரை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். லாரி ஆபீஸில் கொடுத்திருக்கிறேன்.

*

ஜனவரி 24

டாக்டரம்மாவுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. கடிதமும் வந்தது. இரண்டும் கிரீஸ் டப்பாவோடு ஒரே மூட்டையில் வந்ததால் கடிதத்தில் பாதியை வெளிச்சத்தில் பிடித்துத்தான் படித்தேன்.

சுரங்கத்தில் தண்ணீர் கசிகிறது. நான்கு நாளாகத் துளைபோடும் மெஷினை நிறுத்திவைத்திருக்கிறோம். முப்பது ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் மேஸ்திரிக்கு எவ்வளவு தலைவலி என்று உனக்கு யாரும் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். சீட்டு விளையாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், என்னிடம் பஞ்சாயத்துக்கு வருகிறார்கள். நானும் ஆலோசகர்தான், சர்டிபிகேட் இல்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. சாகப்போகிற மனுஷனுக்கு எந்தப் பேச்சு நல்லது என்று கம்ப்யூட்டரா முடிவு செய்வது? முதல் முறை நல்லது என்றால் எல்லோருக்கும் அதையே கொடுக்கவேண்டியதுதானே. இரண்டாவது சீட்டு விழுந்தவன் என்ன பாவம் செய்தான்?

படியில் சொன்னதைச் சொன்னதுதான். வாபஸ் வாங்கவில்லை.

குளியலறைக் குழாயை இடதுபக்கம் அழுத்தி மூடு. சொட்டாது.

*

பிப்ரவரி 8

என்னங்க,

குழாய் சொட்டவில்லை. நன்றி.

நீங்கள் கேட்டதையே நானும் பயிற்சியில் கேட்டேன். பொறுப்பில் இருக்கும் மேடம், "எது நல்லதுன்னு நமக்கு இன்னும் தெரியாதும்மா. தெரிஞ்சா ஆராய்ச்சி எதுக்கு?" என்றார். தலையாட்டிக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் முதல் முறைதான் ஒசத்தி என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

என் முதல் ஆள் வந்துவிட்டார். பெயர் சொல்லக்கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடையாளம் தெரியும்படியும் எழுதக்கூடாது. ஆகவே அவரை ஒரு லிஃப்ட் மெக்கானிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது அறுபதுக்குள். வயிற்றில் ஆரம்பித்து ஈரல் வரை போயிருக்கிறது. டாக்டர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், அவரும் மறைக்கவில்லை. அவருக்கு விழுந்தது இரண்டாம் முறை.

அறை மூன்றாவது மாடியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் துணி மூட்டைகள் போடும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, டிஷ்யூ டப்பா, பதிவு செய்யும் கருவி. கதவுக்கு வெளியே ஸ்ட்ரெச்சர் போகும்போதெல்லாம் சக்கரம் கீச்சிடும். அவர் முதல் நாள் சொன்ன முதல் வார்த்தையே, "அந்த முன்சக்கரத்துல பேரிங் போயிடுச்சு. யாராவது சொல்லுங்க."

எதற்காக இதில் சேர்ந்தீர்கள் என்று படிவத்தில் கேள்வி இருக்கிறது. நான் கேட்டேன். "எனக்கு இதுனால ஒண்ணும் ஆகப்போறதில்ல, தெரியும். எனக்கப்புறம் வர்றவனுக்கு ஆகும்ல? முப்பது வருஷம் மத்தவன் ஏறி இறங்கத்தானே வேலை பாத்தேன்" என்றார்.

இரண்டு சந்திப்பு முடிந்தன. நோட்டில் எழுதியது எனக்கே படிக்க வரவில்லை. ஆனால் எழுந்து ஓடவில்லை. அதைச் சொல்லிக்கொள்ளத் தோன்றுகிறது.

*

பிப்ரவரி 21

லிஃப்ட் மெக்கானிக் என்று வைத்துக்கொண்டேன்.

பேரிங் போன விஷயத்தைச் சொன்னாயா? சொல். சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்ட்ரெச்சர் கவிழும்.

கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "எழுந்து ஓடவில்லை" என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஒருமுறை ஓடினாய் என்று உனக்கே தெரிகிறது.

நான் சுற்றிவளைத்துப் பேசுகிறவன் இல்லை. அண்ணன் நம் முன்னறையில் படுத்திருந்த கடைசி நாட்களில் நீ மகளுக்குப் பரீட்சை என்று சொல்லி உன் அம்மா வீட்டுக்குப் போனாய். பதினொரு நாள். பரீட்சைக்கு இங்கிருந்து பத்து நிமிஷம், அங்கிருந்து ஒரு மணி நேரம். அண்ணன் தினம், "அவ எங்கப்பா?" என்று கேட்டார். வருவாள் என்று நான் தினம் சொன்னேன். செய்தி சொல்லி அனுப்பின பிறகுதான் வந்தாய்.

ஆறு வருஷமாக நான் இதைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். ஏன் போனாய்?

*

மார்ச் 8

என்னங்க,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத மூன்று தாள் கிழித்தேன். கட்டாயம் எழுதுவேன். இந்த வாரம் வேறொன்று நடந்துவிட்டது. அதைச் சொல்லாமல் என்னால் மற்றதைச் சொல்ல முடியாது.

சக்கர விஷயத்தைச் சொன்னேன், மாற்றிவிட்டார்கள். இனி நடந்ததைக் கேளுங்கள்.

நான்காவது சந்திப்பில் லிஃப்ட்காரர் தன் மகனைப் பற்றிப் பேசினார். மகன் வேறு ஊரில் இருக்கிறான், வாரம் இரண்டு முறை போன் செய்கிறான், கிரிக்கெட்டைத் தவிர எதுவும் பேசுவதில்லை. "நானும் ஸ்கோர் கேட்டுட்டு வெச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நான் செய்திருக்கவேண்டியது எளிது. சும்மா இருந்திருக்கவேண்டும். அவராக அடுத்த வார்த்தைக்கு வரும்வரை காத்திருப்பதுதான் இரண்டாம் முறை.

நான் காத்திருக்கவில்லை. "மகனுக்கு எதை விட்டுட்டுப் போறோம்னு ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க, அடுத்த வாரம் படிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அது முதல் முறையின் ஐந்தாம் பாடம், வார்த்தைக்கு வார்த்தை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் வாயிலிருந்து வந்துவிட்டது. இவருக்கு மட்டும் சாதா பேச்சா என்று எனக்குள் அத்தனை நாளும் ஓர் ஆதங்கம். நீங்கள் கேட்ட அதே கேள்விதான்.

பதிவைக் கேட்கும் அம்மா இரண்டே நாளில் மேடத்திடம் சொல்லிவிட்டார். மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அவர்கிட்டே நீதான் சொல்லணும். முறை மாறிப் போச்சுன்னு, காரணம் நீன்னு" என்றார். அவருடைய ஏழு சந்திப்பும் கணக்கில் வருமா வராதா என்பதை ஆராய்ச்சிக் குழு கூடிப் பார்க்கவேண்டுமாம்.

ஐந்தாவது சந்திப்பில் அவர் தாளோடு வந்தார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்தது, இரண்டு பக்கமும் எழுத்து. அதைப் பிரிக்கும் முன்பே நான் சொன்னேன்.

அவர் தாளை மடித்து சட்டைப்பையில் வைத்தார். "அப்ப நான் கணக்குல வரமாட்டேனா?"

"தெரியலைங்க. முடிவு பண்ணிச் சொல்றேன்னாங்க."

"நாலு வாரம் வலியோட பஸ் ஏறி வந்தேன்மா. நாலு வாரமும் கணக்குக்குத்தான் வந்தேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். மீதி நேரம் முழுக்க இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். முப்பத்தைந்து நிமிஷம். அவர் எழுந்து போகவில்லை, ஏன் என்று தெரியவில்லை. நானும் போகவில்லை.

உங்கள் கேள்விக்கு அடுத்த கடிதம்.

*

மார்ச் 21

லிஃப்ட்காரர் கணக்கில் இருக்கிறாரா இல்லையா? அதைச் சொல்லாமல் கடிதத்தை மூடிவிட்டாய். ஒரு வாரமாக மெஷின் சத்தத்தில்கூட அதே யோசனை. என் ஆட்களில் ஒருவன், "மேஸ்திரி, வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்கிறான். ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பிரச்சினை என்றேன். விழிக்கிறான்.

நீ செய்தது தப்பு. ஆனால் நான் உன் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அடுத்த கடிதம் என்று சொன்னது இன்னும் வரவில்லை. இந்த வார லாரியிலும் இல்லை.

*

மார்ச் 29

என்னங்க,

இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சீட்டு விழுந்து ஒருவர் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால், நடுவில் என்ன கோளாறு நடந்தாலும் கடைசிவரை அந்தப் பக்கத்துக் கணக்கில்தான் இருப்பாராம். வேண்டாதவர்களை நடுவில் தள்ளிவிட ஆரம்பித்தால் கணக்கே பொய்யாகிவிடும் என்று குழுவில் இருந்த புள்ளிவிவரக்காரர் விளக்கினார். என் தப்பு மட்டும் தனிப் படிவத்தில் ஏறியது. தேதி, நேரம், நான் சொன்ன வாக்கியம் எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் எனக்கு இனிமேல் வாரம் இரண்டு முறை மேற்பார்வை என்று போட்டிருக்கிறார்.

லிஃப்ட்காரரிடம் சொன்னபோது, "அப்ப சரி" என்றார். பிறகு அவராகவே மகனைப் பற்றி ஆரம்பித்தார். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அந்தத் தாளைப் பற்றி அவர் பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இனி அந்தப் பதினொரு நாள்.

உங்கள் அண்ணனுக்கு வந்திருப்பது என்ன என்று டாக்டர் நம்மிடம் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து என்னிடமும் உங்கள் தம்பியிடமும் சொன்னீர்கள்: "குடல்ல புண்ணுன்னு சொல்லுங்க. யார் வாயிலிருந்தாவது வேற வார்த்தை வந்துச்சு, அப்புறம் நடக்கிறது வேற." நாங்கள் சரி என்றோம். இரண்டு மாசம் நானும் குடல் புண் என்றே சொன்னேன். அந்தப் புண்ணுக்குக் காரம் ஆகாது, புளிப்பு ஆகாது என்று பத்தியச் சமையல்கூடச் செய்தேன்.

ஒரு மத்தியானம் நீங்கள் மருந்து வாங்கப் போயிருந்தீர்கள். நான் பால் கொண்டுபோனேன். அவர் டம்ளரை வாங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் என் காலைப் பாத்துப் பேசுறாங்கம்மா. நீ ஒருத்திதான் மூஞ்சியப் பாக்கிறே. எனக்கு என்னன்னு நீ சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார்.

நான், "பால் ஆறிடும்" என்றேன்.

கையை விடுவித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கே நின்றுகொண்டே தெரிந்துவிட்டது, சாயங்காலம் மறுபடி கேட்டால் சொல்லிவிடுவேன். சொன்னால் உங்கள் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அவர் முகத்தில் விழிக்க முடியாது. நீங்கள் திரும்பி வந்தபோது என் பை தயாராக இருந்தது.

தினம் கிளம்பி வர நினைத்தேன். தினம் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. இது காரணம்தான், நியாயம் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்டார், நான் ஓடினேன்.

இதற்குப் பரிகாரமாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று நினைப்பீர்கள். ஆரம்பத்தில் அப்படியும் இருந்திருக்கும். இப்போது அது வேலையாகிவிட்டது. செய்தால் தப்பு வருகிறது, திருத்துகிறார்கள், மறுபடி போகிறேன்.

*

ஏப்ரல் 18

உன் கடிதம் வந்து இரண்டு லாரி போய்விட்டன. எழுத உட்காருவேன், யாராவது கூப்பிடுவார்கள், எழுந்து போய்விடுவேன். யாரும் கூப்பிடாத நாளிலும் எழுந்து போனேன்.

என்னிடமும் கேட்டார்.

நீ போன நான்காம் நாள். ஷேவ் பண்ணிவிட்டுக்கொண்டிருந்தேன். முகத்தில் பாதி நுரை. "தம்பி, எனக்குக் கேன்சரா?" என்று கேட்டார். அந்த வார்த்தையையே சொன்னார். நான் பிளேடை எடுத்துவிட்டுச் சிரித்தேன். "உனக்கு எதுக்குண்ணே அந்தப் பெரிய வியாதி எல்லாம்? அதுக்கெல்லாம் ஒரு தகுதி வேணும்" என்றேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உன்னைப் பற்றி மட்டும்தான் கேட்டார். நீ வந்தால் சொல்வாய் என்று காத்திருந்திருக்கிறார். இதை நேற்றுதான் விளங்கிக்கொண்டேன்.

அவருக்குத் தைரியம் போய்விடக்கூடாது என்றுதான் மறைக்கச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். தைரியம் போயிருந்தது எனக்கு.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று நீ இருந்து, உண்மையைச் சொல்லியிருந்தால், நான் உன்னை மன்னித்திருக்க மாட்டேன். உன்னைக் கையை நீட்டி அடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. நீ போனதற்கும் கோபப்பட்டேன். ஆகமொத்தம் உனக்கு நான் எந்த வழியும் வைக்கவில்லை.

படியில் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

*

மே 3

என்னங்க,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்தில் வைத்துப் படித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். இதைப் பற்றி நேரில்தான் பேசவேண்டும். ஜூனில் லீவு கிடைக்குமா?

லிஃப்ட்காரர் போய்விட்டார். ஏழாவது சந்திப்பை வார்டில் கட்டில் பக்கத்தில் வைத்துத்தான் செய்தோம். அவரால் உட்கார முடியவில்லை. கடைசிப் படிவத்தில் நாற்பத்தியோரு கேள்வி. "அப்புறம் பார்த்துக்கலாங்க" என்றேன். "அப்புறம் எப்போ?" என்றார். நான் ஒவ்வொன்றாக வாசித்தேன், அவர் விரலைக் காட்டினார். நடுவில் ஒருமுறை தூங்கிவிட்டார். எழுந்ததும், "பத்தொம்பதுல நிறுத்தினோம்" என்றார். பத்தொன்பதில்தான் நிறுத்தியிருந்தோம். எல்லாம் முடிந்ததும் படிவத்தைக் கையில் வாங்கி, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

ஒன்பது நாள் கழித்து வார்டு நர்ஸ் போனில் சொன்னார். மகன் கூடவே இருந்தாராம். அந்தத் தாள் அவர் கைக்குப் போனதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அது தெரியாமலே இருக்கப் பழகிக்கொள் என்கிறார் மேடம்.

வியாழக்கிழமை அடுத்த ஆள் வருகிறார். ஒரு பள்ளி வேன் ஓட்டும் பெண்மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவருக்கும் இரண்டாம் முறைதான் விழுந்திருக்கிறது. இந்தத் தடவை எனக்கு அதில் வருத்தம் இல்லை.

*

மே 16

உனக்கு,

ஜூன் பத்து முதல் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நாளைக்கே கீழே இறங்குகிறேன். வீட்டுக்கு வரவில்லை. விஷயத்தைச் சொல்கிறேன்.

முகாம் சமையல்காரர் போன மாசம் கழுத்தில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். ரிப்போர்ட் போன லாரியில் வந்தது. ஒரு வாரம் மாவு டின்னுக்கு மேலேயே உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார். இன்று காலை டிபன் நேரம் முடிந்ததும் என்னிடம் கொண்டுவந்தார். "எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும் மேஸ்திரி. நீங்க படிச்சுச் சொல்லுங்க. மத்தவங்க எதையாவது மாத்திச் சொல்லிடுவாங்க" என்றார்.

ஒன்றரைப் பக்கம். பாதி வார்த்தை எனக்கும் புரியவில்லை. ஆனால் ஒரு வார்த்தையை அண்ணனுடைய ரிப்போர்ட்டில் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் காகிதத்தை மடித்துவிட்டு, டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், பெரிசா ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் தயாராகிவிட்டது. நிஜமாகவே தயாராகிவிட்டது. பழக்கம்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சொன்னேன். "கேன்சர்னு போட்டிருக்கு. வேற இடத்துக்கும் பரவியிருக்கலாமாம், அதுக்கு இன்னும் டெஸ்ட் எடுக்கணுமாம். எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். புரியாததும் இதுல இருக்கு."

அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "இன்னொரு தரம் படிங்க" என்றார். படித்தேன். மூன்றாவது தரமும் படித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து காய் நறுக்க ஆரம்பித்தார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கூடை வெங்காயம் முடிந்ததும், "நாளைக்கு லாரியில போறேன். நீங்களும் வரீங்களா?" என்று கேட்டார்.

வருகிறேன் என்றேன். மெஷினை அடுத்த லாரி வரை உதவி மேஸ்திரி பார்த்துக்கொள்வான். இந்தக் கடிதமும் எங்களோடு அதே லாரியில்தான் இறங்குகிறது, தபாலில் நானே போடுவேன்.

கீழே போய்ச்சேர ஐந்து மணி நேரம். டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார இடமிருக்கிறது. அவரை ஜன்னல் பக்கம் உட்காரவைக்கிறேன்.